அளவறியா மருந்தும் ஆபத்தே: சோடியம் செலனைற்று புகட்டும் பாடம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. இம்முதுமொழிக்குள் ஓர் எடுகோள் மறைந்திருக்கின்றது. உண்பவன் தான் உண்ணும் பொருளின் அளவை அறிவான் என்பதே அது. கறியில் உப்புக் கூடினால் நாக்கு அறிவிக்கும். விருந்தில் மிகையாக உண்டால் வயிறு எச்சரிக்கும். ஆனால் நாவுக்கும் கண்ணுக்கும் எட்டாத அளவில் மருந்தாகவும், அதே போன்று எட்டாத இன்னோர் அளவில் நஞ்சாகவும் விளங்கும் பொருள் ஒன்று எமது உணவிலும் மருந்திலும் கலந்திருக்குமானால், அதன் அளவை எமக்காக அறிந்து சொல்ல வேண்டியவர் யார்? இவ்வினாவை எழுப்புவதற்குச் சோடியம் செலனைற்று என்ற இரசாயனச் சேர்வையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை எனலாம்.

பொதுமக்களில் அனேகர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். எனினும் மருந்தகங்களில் விற்பனையாகும் பல்விற்றமின் மாத்திரைகளின் போத்தலை எடுத்து, அதன் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் சேர்மானப் பட்டியலை வாசிப்போர் பல வேளைகளில் இப்பெயரைக் காண்பர். குழந்தைகளுக்கான பால்மாவிலும், கோழித்தீனிலும், கறவை மாடுகளுக்கான தாதுப்புக் கலவைகளிலும் இது இடம்பெறுவதுண்டு. வெளிநாடுகளில் வாழும் உறவினர்கள் விடுமுறையில் வரும்போது அன்பளிப்பாகக் கொண்டுவரும் "சத்து மாத்திரை"களும் இதற்கு விலக்கல்ல. அறியாமலே நாம் நாளாந்தம் உறவாடும் ஒரு பொருளைப் பற்றி அறிந்திருப்பது அவசியமாகும்.

செலனியம் என்ற மூலகத்தைச் சுவீடன் நாட்டு இரசாயனவியலாளரான பெர்சீலியஸ் 1817ஆம் ஆண்டில் கண்டறிந்தார். கிரேக்கரின் சந்திரத் தெய்வமான செலீனியின் பெயரையே அவர் இதற்குச் சூட்டினார். இன்று இது பெரும்பாலும் செம்பைச் சுத்திகரிக்கும்போது எஞ்சும் கசடிலிருந்தே பெறப்படுகின்றது. சோடியமும் செலனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வையே சோடியம் செலனைற்று. வெண்ணிறப் பளிங்குகளாக இருக்கும் இது நீரில் எளிதில் கரையும். நீரில் கரையும் இப்பண்பே உணவிலும் மருந்திலும் சேர்ப்பதற்கு இதனை வசதியானதாக்கியது. அதே பண்பே இதனை விரைந்து உடலில் ஏறும் நஞ்சாகவும் ஆக்கியது.

உணவுக்கும் மருந்துக்கும் அப்பால் கண்ணாடிக் கைத்தொழிலிலும் இதற்குப் பங்குண்டு. மணலில் உள்ள இரும்பின் காரணமாகக் கண்ணாடியில் தோன்றும் பச்சைச் சாயலை, செலனியம் தரும் இளஞ்சிவப்புச் சாயல் ஈடுசெய்து நிறமற்றதாகத் தோன்றச் செய்கின்றது. இத்தகைய தொழிலகங்களில் இதன் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உறுத்தல் ஏற்படும். முகக்கவசமும் கையுறையும் இன்றி இதனைக் கையாளக் கூடாது என்பது அடிப்படை விதியாகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செலனியம் வெறும் நஞ்சாகவே கருதப்பட்டது. அமெரிக்காவின் தென் டக்கோட்டா போன்ற மாநிலங்களில் மேய்ச்சல் மாடுகளின் உரோமம் உதிர்ந்து குளம்புகள் சிதைந்தமைக்கு மண்ணிலும் புல்லிலும் இருந்த மிகையான செலனியமே காரணம் என 1930களில் கண்டறியப்பட்டமை இக்கருத்தை வலுப்படுத்தியது. ஆனால் 1957இல் கிளவுஸ் சுவாட்ஸ் என்ற விஞ்ஞானி, மிகச் சிறிதளவு செலனியம் எலிகளின் ஈரல் அழுகலைத் தடுக்கின்றது என்பதை நிரூபித்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. உடற்கலங்களை ஒட்சியேற்றப் பாதிப்பிலிருந்து காக்கும் நொதியம் ஒன்றின் அங்கமாகச் செலனியம் விளங்குவது 1973இல் தெரியவந்தது. தைரொயிட் ஓமோனைச் செயற்படு நிலைக்கு மாற்றும் நொதியங்களுக்கும் இது இன்றியமையாதது என்பது பின்னர் தெளிவாயிற்று. நஞ்சென ஒதுக்கப்பட்ட பொருள் இவ்வாறு சத்தெனப் போற்றப்படலாயிற்று.

இவ்விரு முகங்களையும் ஒரே நாட்டில் காட்டியது சீனாவாகும். அந்நாட்டின் வடகிழக்கிலுள்ள கேஷான் மாவட்டத்தில் 1935இல் இதயத் தசையைத் தாக்கும் கொடிய நோயொன்று பரவியது. சிறுவர்களும் மகப்பேற்று வயதிலுள்ள பெண்களுமே இதற்குப் பெரிதும் இரையாகினர். மண்ணில் செலனியம் மிகக் குறைந்த பிரதேசங்களிலேயே இந்நோய் காணப்பட்டமையை ஆய்வாளர்கள் அவதானித்தனர். 1974இல் சிச்சுவான் மாகாணத்தில் சிறுவர்களுக்கு வாரம் ஒரு தடவை சோடியம் செலனைற்று மாத்திரை வழங்கிப் பரிசோதிக்கப்பட்டது. அவ்வாண்டில் மாத்திரை பெறாத 3,985 சிறுவர்களுள் 54 பேர் நோயுற்றனர். பெற்ற 4,510 சிறுவர்களுள் 10 பேரே நோயுற்றனர். அடுத்த ஆண்டிலும் இதே போக்குத் தொடரவே, 1976இல் சிறுவர்கள் அனைவருக்கும் மாத்திரை வழங்கப்பட்டது. செலனியக் குறைபாட்டுடன் வைரஸ் தொற்றொன்றும் சேர்ந்தே இந்நோயை உண்டாக்குகின்றது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் இச்சேர்வை எண்ணற்ற குழந்தைகளைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அதே சீனாவின் ஹூபெய் மாகாணத்திலுள்ள என்ஷி மாவட்டத்திலோ 1961 முதல் 1964 வரையான காலத்தில் நேர்மாறான அவலம் நிகழ்ந்தது. அங்கு நிலக்கரிப் படிவுகளிலிருந்து செலனியம் மண்ணில் மிகையாகக் கலந்திருந்தது. வரட்சியால் நெல் விளைச்சல் பொய்த்தபோது மக்கள் அம்மண்ணில் விளைந்த சோளத்தையும் மரக்கறிகளையுமே நம்பி வாழ நேர்ந்தது. விளைவாகத் தலைமயிர் உதிர்ந்தது, நகங்கள் கழன்றன, தோலில் புண்கள் தோன்றின, சிலருக்கு நரம்புகளும் பாதிப்புற்றன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஐந்து கிராமங்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் நோயுற்றதாக ஆய்வறிக்கைகள் கூறுகின்றன. ஓரிடத்தில் இன்மையால் மரணம், இன்னோரிடத்தில் மிகையால் நோய் என்ற இந்நிலையே இம்மூலகத்தின் இயல்பை விளக்கப் போதுமானது.

இன்மைக்கும் மிகைக்கும் இடையிலான இடைவெளி எவ்வளவு ஒடுக்கமானது என்பதைச் சில எண்கள் உணர்த்தும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படும் செலனியத்தின் அளவு 55 மைக்கிரோகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரையாகும். ஒரு மைக்கிரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. நாளாந்தம் 400 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என அந்நாடு வரையறுத்துள்ளது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை இன்னும் ஒருபடி மேற்சென்று, அவ்வுச்ச வரம்பை 2023இல் 255 மைக்கிரோகிராமாகக் குறைத்தது. அதாவது தேவையான அளவின் ஐந்து மடங்கைத் தாண்டுவதற்குள் எச்சரிக்கைக் கோடு வந்துவிடுகின்றது.

சோடியம் செலனைற்றின் நிறையில் ஏறத்தாழ 46 சதவீதம் செலனியமாகும். ஆகவே இச்சேர்வையின் ஒரேயொரு கிராமில் ஒருவருக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேல் போதுமான செலனியம் அடங்கியிருக்கின்றது. ஒரு விரல் நுனியில் எடுக்கக்கூடிய அந்த வெண்பொடியை ஒரே தடவையில் உட்கொண்டால் விளைவு என்னவாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கடுமையான வாந்தி, வயிற்றோட்டம், இரத்த அழுத்த வீழ்ச்சி, இதயத் தாக்கம் என்பன தொடர்ந்து மரணமும் சம்பவிக்கலாம். மூச்சில் வெள்ளைப்பூட்டின் மணம் வீசுவது இந்நஞ்சூட்டலின் ஓர் அடையாளமாகும். இதற்கென நிரூபிக்கப்பட்ட முறிமருந்து எதுவும் இல்லை. அறிகுறிகளுக்குச் சிகிச்சை அளித்து உடலைத் தாங்கி நிற்பதே வைத்தியர்களால் செய்யக்கூடியது.

இத்தகைய தவறுகள் ஏட்டளவில் மட்டும் உள்ளவை அல்ல. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் திரவ வடிவிலான போஷாக்குக் குறைநிரப்பி ஒன்றில், லேபலில் குறிப்பிடப்பட்டிருந்ததைப் போன்று ஏறத்தாழ 200 மடங்கு செலனியம் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. பத்து மாநிலங்களில் 201 பேர் பாதிக்கப்பட்டனர். வயிற்றோட்டம், சோர்வு, முடி உதிர்தல், மூட்டுவலி, நகச் சிதைவு என்பன இவர்களிடம் காணப்பட்டன. மூன்று மாதங்கள் கடந்த பின்னரும் பலரின் நகங்கள் சீராகவில்லை. இவர்கள் எவரும் நஞ்சருந்த எண்ணியவர்கள் அல்லர். ஆரோக்கியத்தை மேலும் பெருக்கிக்கொள்ளப் பணம் கொடுத்து வாங்கி, லேபலில் கூறியவாறே ஒழுங்காக அருந்தியவர்கள். மூலப்பொருளை வழங்கிய இடத்தில் நேர்ந்த ஒரு தவறு, எவராலும் சரிபார்க்கப்படாமல் போத்தல்வரை வந்து சேர்ந்தது.

அடுத்த ஆண்டு, 2009 ஏப்ரலில், புளோரிடாவில் போலோ விளையாட்டுப் போட்டிக்குக் கொண்டுவரப்பட்ட 21 குதிரைகள் குறுகிய நேரத்துள் மடிந்தன. அவற்றுக்குச் செலுத்துவதற்கெனத் தயாரிக்கப்பட்ட சத்துக் கலவையில் ஒரு சேர்மானத்தின் செறிவு பிழையாக இருந்தமையைத் தயாரித்த மருந்தகம் ஒப்புக்கொண்டது. இறந்த குதிரைகளின் இரத்தத்தில் இயல்பைப் போல் 10 முதல் 15 மடங்கு வரை செலனியம் இருந்ததாக மாநில அதிகாரிகள் அறிவித்தனர். உலகின் மிகக் கடுமையான மருந்துக் கட்டுப்பாடுகளைக் கொண்டதாகக் கூறப்படும் நாட்டிலேயே இவை நிகழ்ந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இச்சேர்வையைப் பாதுகாப்பாகக் கையாள முடியாது என்பதல்ல இதன் பொருள். கால்நடைத் தீவனத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் தீவனத்தில் 0.3 மில்லிகிராம் செலனியத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. அக்கணக்கின்படி ஒரு தொன் தீவனத்துக்குத் தேவைப்படும் சோடியம் செலனைற்று ஒரு கிராமிலும் குறைவானது. அதனை ஒரு தொன் தீவனத்தில் சீராகக் கலப்பது மண்வெட்டியால் ஆகக்கூடிய காரியமன்று. படிப்படியாக ஐதாக்கப்பட்ட முற்கலவை, செம்மையான தராசு, மாதிரிப் பரிசோதனை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டுமே அது சாத்தியம். இம்மூன்றும் இருக்கும் இடத்தில் சோடியம் செலனைற்று மருந்து. இவற்றுள் ஒன்று தவறினாலும் அது நஞ்சு.

இதனை நாடளாவிய அளவில் செய்துகாட்டிய நாடு பின்லாந்து. அந்நாட்டு மண்ணில் பயிர்கள் உறிஞ்சத்தக்க செலனியம் குறைவாக இருந்தமையால், 1984இல் விவசாயப் பசளைகளில் இதன் சகோதரச் சேர்வையான சோடியம் செலனேற்றைச் சேர்க்க அரசு தீர்மானித்தது. அத்தோடு அது ஓய்ந்துவிடவில்லை. மண், தானியம், பால், இறைச்சி, மக்களின் இரத்தம் என அனைத்தும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டன. மக்களின் உள்ளெடுப்பு எதிர்பார்த்ததைவிட உயர்ந்தபோது 1990இல் பசளையில் சேர்க்கும் அளவு குறைக்கப்பட்டது. பின்னர் தேவைக்கேற்ப மீண்டும் கூட்டப்பட்டது. அளந்து கொடுத்து, கொடுத்த பின்னும் அளந்து, பிழையெனக் கண்டால் திருத்திக்கொள்ளும் நிருவாகமே அங்கு உண்மையான மருந்தாக விளங்கியது எனலாம்.

இனி எமது நாட்டின் நிலையை நோக்குவோம். இலங்கையில் கண்டக்கழலை நோய் காணப்படும் கிராமங்களில் பிரித்தானிய, இலங்கை ஆய்வாளர்கள் இணைந்து மேற்கொண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, மண்ணிலும் அரிசியிலும் செலனியம் குறைவாக இருப்பதையும், பெண்களுள் குறிப்பிடத்தக்க பகுதியினர் செலனியக் குறைபாட்டுக்கு உட்பட்டிருக்கக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்டியது. சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் நாட்பட்ட சிறுநீரக நோய் தொடர்பாக மேற்கொண்டு 2013இல் வெளியான ஆய்விலும், பங்குபற்றியோர் பலரின் குருதியில் செலனியம் குறைவாக இருந்தமை பதிவாகியுள்ளது. அந்நோயின் காரணம் எதுவென்பது இன்னமும் விவாதத்துக்குரியதாகவே உள்ளது. ஆகையால் இதனை மட்டும் கொண்டு அவசர முடிவுக்கு வருதல் தகாது. எனினும் செலனியம் எமக்குத் தொடர்பற்ற விடயம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது தெளிவு.

அப்படியாயின் அனைவரும் செலனிய மாத்திரை வாங்கி உட்கொள்ளலாமா என்று கேட்கத் தோன்றும். இங்குதான் நிதானம் வேண்டும். அயடீனும் செலனியமும் ஒருங்கே குறைந்த மக்களுக்குச் செலனியத்தை மட்டும் வழங்கினால் தைரொயிட் குறைபாடு மேலும் மோசமடையக்கூடும் என, சயர் என அன்று அழைக்கப்பட்ட இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசில் நடத்தப்பட்ட ஆய்வு 1991இல் எச்சரித்தது. மறுபுறம், புரொஸ்டேற் புற்றுநோயைச் செலனியம் தடுக்குமா என அறிய 2001இல் 35,000இற்கும் மேற்பட்ட ஆண்களைக் கொண்டு வட அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட பாரிய ஆய்வு, எவ்விதப் பலனும் இல்லையெனக் கண்டு 2008இல் இடைநிறுத்தப்பட்டது. ஏற்கனவே போதிய செலனியம் உடலில் இருந்தோர் மேலதிகமாக உட்கொண்டபோது தீவிரமான புற்றுநோய்க்கான அபாயம் கூடியதாகவே அதன் தரவுகளிலிருந்து 2014இல் வெளியான பகுப்பாய்வு கூறியது. குறைந்தோருக்கு நன்மை செய்வது நிறைந்தோருக்குத் தீமை செய்கின்றது. தான் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதை இரத்தப் பரிசோதனையின்றி எவரும் அறிய முடியாது.

இதில் ஒரு சமூக அநீதியும் பொதிந்திருக்கின்றது. செலனியம் மீனிலும் முட்டையிலும் இறைச்சியிலும் ஈரலிலும் இயல்பாகவே உள்ளது. இவற்றை நாளாந்தம் உண்ணும் வசதி படைத்தவருக்கு மாத்திரை தேவையில்லை. ஆனால் மாத்திரையை வாங்குபவர் பெரும்பாலும் அவரே. சோற்றையும் சம்பலையும் கொண்டு பொழுதைக் கழிக்கும் குடும்பத்துக்கே குறைபாடு நேர வாய்ப்புண்டு. அக்குடும்பத்தால் மீனையும் வாங்க முடியாது, மாத்திரையையும் வாங்க முடியாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது எமது வீடுகளில் முதலில் விடைபெற்றவை மீனும் முட்டையும் பாலுமே என்பதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். மலையகத் தோட்டக் குடியிருப்பாயினும், வடக்கின் மீள்குடியேற்றக் கிராமமாயினும், கிழக்கின் கரையோர ஊராயினும் இதே நிலைதான். மீனவக் குடும்பங்கள்கூடப் பிடித்த மீனைக் கறிச்சட்டிக்கு அனுப்பாது சந்தைக்கே அனுப்பின. இக்குறைக்குப் பரிகாரம் போத்தலில் இல்லை. பாடசாலை மதிய உணவில் ஒரு முட்டையும் ஒரு துண்டு மீனும் கிடைக்கச் செய்வதில் இருக்கின்றது. உணவில் வரும் செலனியம் எல்லை கடப்பதும் அரிது.

அடுத்து ஒழுங்குவிதி பற்றிய வினா எழுகின்றது. மருந்துகளையும், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட எல்லைநிலை உற்பத்திகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அளிக்கப்பட்டுள்ளது. உணவுப் பொருட்கள் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து தரமற்றதெனக் கண்டறியப்பட்டு, முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைது செய்யப்படும் அளவுக்கு அவ்விவகாரம் சென்றது. அவ்வழக்கின் தீர்ப்பை நீதிமன்றமே கூற வேண்டும். ஆனால் லேபலில் எழுதியிருப்பதும் போத்தலுள் இருப்பதும் ஒன்றுதானா என்ற ஐயம் அதன் பின்னர் மக்கள் மனதில் குடிகொண்டுவிட்டது என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டும். வைத்தியசாலைக்கு வரும் ஊசிமருந்துக்கே இக்கதி நேருமாயின், சத்து மாத்திரை என்ற பெயரில் கடைகளிலும் இணையத்திலும் விற்கப்படும் பொருட்களின் நிலை குறித்துக் கேள்வி எழுப்புவது நியாயமே.

எனவே சில நடவடிக்கைகள் அவசியமாகின்றன. செலனியம் போன்று தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி ஒடுங்கிய சேர்மானங்களைக் கொண்ட குறைநிரப்பிகள் யாவும், விற்பனைக்கு வருமுன் மட்டுமன்றி வந்த பின்னரும் எழுந்தமானமாக மாதிரி எடுத்துப் பரிசோதிக்கப்படல் வேண்டும். அவற்றின் பெறுபேறுகள் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படல் வேண்டும். நாளொன்றுக்கான உச்ச அளவு லேபலில் தமிழிலும் சிங்களத்திலும் பொறிக்கப்படுவது கட்டாயமாக்கப்படல் வேண்டும். எமது மக்களின் செலனிய நிலை குறித்துப் புதிய ஆய்வுகள் மாவட்ட வாரியாக நடத்தப்படல் வேண்டும். அளக்காமல் கொடுப்பதும் அளக்காமல் மறுப்பதும் ஒரே தவறின் இரு பக்கங்களாகும்.

பொதுமக்களும் தம்மளவில் செய்யக்கூடியவை உண்டு. ஒரே சேர்மானம் கொண்ட இரண்டு மூன்று மாத்திரைகளைச் சேர்த்து உட்கொள்வது கூடாது. மில்லிகிராம், மைக்கிரோகிராம் ஆகிய இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு உண்டு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். காரணமின்றி முடி உதிர்ந்து நகங்கள் சிதைந்தால், தாம் உட்கொள்ளும் அனைத்துக் குறைநிரப்பிகளையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கால்நடைகளுக்கான சத்து மருந்துகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

எனினும் இறுதிப் பொறுப்பைத் தனிமனிதனின் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்க முடியாது. உப்பில் அயடீன் சேர்க்கப்படுகின்றது. எந்தத் தாயும் தன் அடுக்களையில் அதனை அளந்து பார்ப்பதில்லை. யாரோ ஒருவர் எமக்காக அதனை அளக்கின்றார் என்ற நம்பிக்கையிலேயே நாம் அவ்வுப்பைச் சோற்றில் இடுகின்றோம். அந்த நம்பிக்கையைக் காப்பதே அரசின் கடமை. கண்ணுக்குத் தெரியாத அளவுகளை மக்களுக்காகக் கண்டறிந்து காவல் நிற்கும் ஆய்வுகூடங்களுக்கும் அதிகாரிகளுக்கும் வேண்டிய நிதியையும் சுதந்திரத்தையும் வழங்காத நாட்டில், சத்து எது நஞ்சு எது என்பதை மக்கள் தம் உடலில் பரிசோதித்தே அறிய நேரிடும். அத்தகைய பரிசோதனைக்கு எமது பிள்ளைகளை உட்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.